சுந்தரம் கரிவரதன்

சுந்தரம் கரிவரதன் (1954 - 1995) தமிழ்நாட்டின் கோயம்புத்தூரைச் சேர்ந்த தானுந்துப் (கார்) பந்தய வீரரும் பந்தயத் தானுந்து வடிவமைப்பாளரும் ஆவார். பந்தய வட்டாரத்தில் இவர் கரி என்ற சுருக்கப் பெயராலேயே அறியப்படுகிறார். இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள சோழவரம் பந்தயத் தடத்தில் ஓட்டிப் புகழ் பெற்ற இவர், மாருதி 800 தானுந்தின் சிறிய பொறியைக் கொண்டு இயங்கும் எடை குறைந்த ஒற்றை இருக்கைப் பந்தயத் தானுந்தை உருவாக்கியவர். பார்முலா மாருதி எனப் பெயர் பெற்ற அத்தானுந்தில்தான் பின்னாளில் பார்முலா 1 போட்டி வரை சென்ற நரேன் கார்த்திகேயன் தம் பந்தய வாழ்க்கையைத் தொடங்கினார்.

குடும்பமும் ஊரும்

கரிவரதன் கோயம்புத்தூரின் லட்சுமி மில்ஸ் குடும்பத்தில் 1954 ஆம் ஆண்டு பிறந்தார். குப்புசாமி நாயுடு 1910 ஆம் ஆண்டு தொடங்கிய லட்சுமி மில்ஸ் அந்நகரின் பழைய நூற்பாலைகளுள் ஒன்று. பணவசதி இவருக்குக் குறைவில்லை. ஆயினும் அக்காலத்தில் இந்தியாவில் தானுந்துப் பந்தயத்தில் இறங்கிய செல்வந்தர்கள் பலர் வெளிநாட்டு வண்டிகளை வாங்கி ஓட்டுவதோடு நின்றுவிட, இவர் வண்டியைக் கட்டுவதிலும் நாட்டம் கொண்டிருந்தார்.

அதற்கு அவர் பிறந்த ஊரும் ஒரு காரணம் எனலாம். நூற்பாலைகளுக்குத் தேவையான உதிரி உறுப்புகள், நீரேற்றிகள், மின்னோடிகள் ஆகியவற்றைச் செய்துவந்த கோயம்புத்தூரில் வார்ப்படச் சாலைகளும் கடைசல் பட்டறைகளும் தெருவுக்குத் தெரு இருந்தன. ஓர் உறுப்பின் வரைபடத்தைக் காலையில் கொடுத்தால் மாலைக்குள் செய்து தரக்கூடிய கடைசல் தொழிலாளர் அங்கே கிடைத்தனர். வெளிநாட்டு உதிரி உறுப்புகளைத் தருவிப்பதற்கு இறக்குமதி உரிமமும் கடும் சுங்க வரியும் தடையாக இருந்த காலத்தில் இது பெரிய வசதி. புதுமைப் பொறியாளராகப் பெயர் பெற்ற ஜி. டி. நாயுடுவும் இதே ஊரினர். அவர் 1974 ஆம் ஆண்டு மறைந்தபோது கரிவரதனுக்கு வயது ஏறத்தாழ இருபது.

சோழவரம்

சென்னையிலிருந்து செங்குன்றம் வழியாகக் கும்மிடிப்பூண்டி நோக்கிச் செல்லும் கொல்கத்தா நெடுஞ்சாலையில் சோழவரம் உள்ளது. சென்னையின் குடிநீர் ஏரிகளுள் ஒன்றாக இன்று பலரும் அறிந்த இவ்வூருக்கு வேறொரு வரலாறும் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது இங்கே ஒரு வான்தளம் அமைக்கப்பட்டது. போர் முடிந்த பின்னர் வானூர்திகள் வராத அந்த ஓடுதளத்தை, 1953 இல் தொடங்கப்பட்ட சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம் பந்தயங்களுக்குப் பயன்படுத்தத் தொடங்கியது. ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள் தென்னிந்தியாவின் முதன்மையான பந்தயத் தடமாக சோழவரம் விளங்கியது. மழைக்காலம் ஓய்ந்த பின் நடைபெறும் ஆண்டுப் பந்தயத்தைக் காணப் பல்லாயிரம் மக்கள் திரண்டனர். கொல்கத்தா, மும்பை, பெங்களூர் ஆகிய நகரங்களிலிருந்து ஓட்டுநர்கள் வந்தனர். இலங்கையிலிருந்தும் வீரர்கள் வருவதுண்டு. இங்கிருந்து சென்றவர்கள் இலங்கையின் கட்டுக்குருந்தை வான்தளத் தடத்தில் ஓட்டினர்.

அக்காலத்தில் இப்பகுதி செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. திருவள்ளூர் தனி மாவட்டமானது 1997 ஆம் ஆண்டில்தான். ஆயினும் ஊர்திகளோடு இப்பகுதிக்கு இருந்த உறவு அதற்கும் முந்தையது. எண்ணூரில் அசோக் லேலண்டு பாரவுந்துகளைச் செய்தது. திருவொற்றியூரில் என்பீல்டு நிறுவனம் புல்லட் விசையுந்துகளையும், எம்.ஆர்.எப். நிறுவனம் டயர்களையும் செய்தன. திருவள்ளூரில் மண் அள்ளும் பொறிகளைச் செய்துவந்த இந்துஸ்தான் மோட்டார்ஸ், 1998 முதல் மிட்சுபிசி லான்சர் தானுந்துகளைத் தயாரித்தது. கும்மிடிப்பூண்டியில் சிப்காட் தொழிற்பேட்டை வளர்ந்தது. தொழிற்சாலைகளில் வார நாள்களில் வேலை செய்த இயந்திரப் பணியாளர்கள் பந்தய நாளில் சோழவரத்தின் மண்மேட்டில் நின்று பொறிகளின் ஓசையைக் கேட்டே வண்டியின் நிலையைக் கணிப்பவர்களாக இருந்தனர் என்றால் அது மிகையாகாது.

வான்தளத்தில் அமைந்த தடத்துக்குச் சில இயல்புகள் உண்டு. ஓடுதளம் நீளமானது, அகலமானது, தட்டையானது. ஆகவே நேர்ப்பகுதிகளில் ஆற்றல் மிக்க பொறியுடைய வண்டி முந்தும். ஓடுதளத்திலிருந்து திரும்பும் முனைகளோ கூர்மையானவை. அங்கே வேகத்தைக் குறைத்து, திரும்பி, மீண்டும் வேகமெடுக்க வேண்டும். இதில் எடை குறைந்த வண்டிக்கே வாய்ப்பு. சோழவரத்தில் ஓட்டிய ஒவ்வொருவரும் இவ்விரண்டுக்கும் இடையே ஒரு முடிவை எடுக்க வேண்டியிருந்தது.

செல்வந்தர்கள் இச்சிக்கலைப் பணத்தால் தீர்த்தனர். ஐரோப்பாவில் பந்தயத்துக்கென்றே கட்டப்பட்ட எடை குறைந்த, ஆற்றல் மிக்க வண்டிகளைத் தருவித்தனர். 1980களின் தொடக்கத்தில் விஜய் மல்லையா பார்முலா 1 வகையைச் சேர்ந்த என்சைன் தானுந்து ஒன்றைச் சோழவரத்தில் ஓட்டினார். மற்றவர்கள் உள்நாட்டில் கிடைத்த வண்டிகளைக் கழற்றித் தமக்கேற்றபடி கட்டிக்கொண்டனர். பியட் 1100, அம்பாசிடர், சென்னையை அடுத்த வண்டலூரில் தயாரிக்கப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகியவையே அவர்களுக்குக் கிடைத்தவை. இவற்றுள் ஹெரால்டு தனிச் சட்டகத்தின் மேல் உடல் பொருத்தப்பட்ட வண்டி. உடலைக் கழற்றிவிட்டுச் சட்டகத்தையும் பொறியையும் மட்டும் எடுத்துப் புதிய வண்டி கட்டுவதற்கு அது எளிதாக இருந்தது.

கரிவரதன் 1970களில் இத்தகைய சூழலில்தான் பந்தயத்துக்கு வந்தார். விரைவிலேயே முன்னணி ஓட்டுநர்களுள் ஒருவராகவும் ஆனார். சோழவரத்தில் ஒரே நாளில் ஒரே தடத்தில் பல இலட்சம் ரூபாய் பெறுமான வெளிநாட்டு வண்டியும், பழைய பியட்டிலிருந்து பட்டறையில் கட்டிய வண்டியும் ஓடின. வெற்றி பெற்றது ஓட்டுநரா, அவரது பணப்பையா என்று பார்வையாளர்களால் பிரித்தறிய இயலவில்லை. கரிவரதனின் பிற்காலப் பணி முழுவதும் இந்த ஒரு குறையைக் களைவதாகவே அமைந்தது.

எடை என்னும் சிக்கல்

பந்தயத் தானுந்தின் வேகத்தைக் கூட்டுவதற்கு இரு வழிகள் உண்டு. ஒன்று பொறியின் ஆற்றலைக் கூட்டுவது. மற்றொன்று வண்டியின் எடையைக் குறைப்பது. முதல் வழி நேர்ப்பாதையில் மட்டுமே பெரிதும் பயன்படும். இரண்டாவது வழி எல்லா இடங்களிலும் பயன்படும். ஒரே விசையால் தள்ளப்படும்போது எடை குறைந்த வண்டி விரைவாக வேகமெடுக்கும். வேகத்தைக் குறைக்கும்போது தடைகள் (பிரேக்) உறிஞ்ச வேண்டிய ஆற்றல் எடைக்கு நேர்விகிதத்தில் இருப்பதால், எடை குறைந்த வண்டியின் தடைகள் குறைவாகவே சூடேறும். திருப்பத்தில் டயர்கள் தாங்க வேண்டிய பக்கவாட்டு விசையும் குறையும். எரிபொருளும் டயரும் மிச்சமாகும். எரிபொருள் குறைவாகத் தேவைப்பட்டால் தொடக்கத்தில் ஏற்றும் எரிபொருளின் எடையும் குறையும்.

பொறியின் ஆற்றலைக் கூட்டுவது செலவு மிக்க வேலை. மேலும், கூட்டப்பட்ட ஆற்றல் பொறியின் ஆயுளைக் குறைக்கும். எடைக்குறைப்போ பெரும்பாலும் சிந்தனையாலும் உழைப்பாலும் செய்யக்கூடியது. இங்கிலாந்தில் லோட்டசு நிறுவனத்தை 1952 இல் தொடங்கிய காலின் சாப்மன் இவ்வழியிலேயே சிறிய பொறிகளைக் கொண்டு பெரிய நிறுவனங்களை வென்றார். கட்டமைப்புப் பொறியியல் பயின்ற அவர் பழைய ஆஸ்டின் வண்டி ஒன்றைக் கழற்றித் திருத்துவதில் தொடங்கியவர். சோழவரத்துப் பட்டறைக்காரர்களின் தொடக்கமும் அதுவே.

எனினும் ஒரு சாதாரண வண்டியிலிருந்து எடையைக் கழிப்பதற்கு ஓர் எல்லை உண்டு. பின் இருக்கை, தரைவிரிப்பு, ஒலித்தடுப்பு அட்டை, காப்புச் சக்கரம் ஆகியவற்றை அகற்றலாம். கண்ணாடிச் சாளரங்களுக்குப் பதிலாக நெகிழித் தகடுகளைப் பொருத்தலாம். ஆனால் ஐந்து பேர் அமர்வதற்காக வடிவமைக்கப்பட்ட எஃகு உடல் அப்படியே இருக்கும். சுமார் 1,100 கிலோகிராம் எடையுள்ள அம்பாசிடரை எவ்வளவு செதுக்கினாலும் அது அம்பாசிடரே.

பார்முலா மாருதி

1983 டிசம்பரில் மாருதி 800 தானுந்து விற்பனைக்கு வந்தது. இந்தியச் சாலைகளில் அது ஏற்படுத்திய மாற்றம் பலமுறை எழுதப்பட்டுள்ளது. பந்தயப் பட்டறைகளில் அது ஏற்படுத்திய மாற்றம் அவ்வளவாக எழுதப்படவில்லை. 796 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் மூன்று உருளைகளும் கொண்ட அதன் பொறி ஏறத்தாழ 39 குதிரைத்திறன் ஆற்றலை மட்டுமே தந்தது. பந்தயக்காரர்கள் பார்வையில் இது கேலிக்குரிய எண். ஆனால் அப்பொறி அளவில் சிறியது, எடை குறைந்தது, அதிகச் சுழற்சி வேகத்திலும் பழுதின்றி ஓடக்கூடியது. உதிரி உறுப்புகள் நாட்டின் எல்லா நகரங்களிலும் கிடைக்கத் தொடங்கின. பொறியும் பல்லிணைப் பெட்டியும் ஒரே தொகுதியாக இருந்ததால் அவற்றை ஒன்றாகக் கழற்றி வேறு வண்டியில் பொருத்தவும் இயன்றது.

கரிவரதன் இவ்வாய்ப்பைக் கண்டார். கோயம்புத்தூரில் எஃகுக் குழாய்களைப் பற்றவைத்துச் செய்த சட்டகத்தில், ஓட்டுநருக்குப் பின்னால் மாருதிப் பொறியைப் பொருத்தி, மேலே கண்ணாடியிழை உடலைப் போர்த்தி, சக்கரங்கள் வெளியே தெரியும் ஒற்றை இருக்கைப் பந்தயத் தானுந்து ஒன்றை 1980களின் பிற்பகுதியில் உருவாக்கினார். பார்முலா மாருதி என்று அழைக்கப்பட்ட இவ்வகை விரைவில் இந்தியத் தேசியப் போட்டிகளில் ஒரு தனிப் பிரிவாக இடம்பெற்றது.

இதன் கணக்கு எளியது. சுமார் 650 கிலோகிராம் எடையுள்ள மாருதி 800 வண்டியில் 70 கிலோகிராம் எடையுள்ள ஓட்டுநர் அமர்ந்தால் மொத்தம் 720 கிலோகிராம். 39 குதிரைத்திறன் பொறிக்கு, ஒரு டன் எடைக்கு ஏறத்தாழ 54 குதிரைத்திறன் என்ற விகிதம் கிடைக்கும். அதே பொறி 400 கிலோகிராம் எடையுள்ள ஒற்றை இருக்கை வண்டியில் இருப்பதாகக் கொள்வோம். ஓட்டுநருடன் 470 கிலோகிராம். விகிதம் ஏறத்தாழ 83 ஆக உயர்கிறது. சாலை வண்டியில் இதே விகிதத்தைப் பெற வேண்டுமானால் பொறியின் ஆற்றலை 60 குதிரைத்திறனாகக் கூட்ட வேண்டியிருக்கும். பொறியைத் தொடாமலேயே ஒற்றை இருக்கை வண்டி இதைச் செய்துவிடுகிறது. ஓட்டுநர் தரையோடு ஒட்டி அமர்வதால் வண்டியின் புவியீர்ப்பு மையம் தாழ்கிறது. முகப்புப் பரப்பு சிறுத்துவிடுவதால் காற்றின் தடையும் குறைகிறது. இவை அக்கணக்கில் சேராத கூடுதல் நன்மைகள்.

தொழில்நுட்பத்தை விட முக்கியமானது, எல்லா ஓட்டுநர்களுக்கும் ஒரே வகை வண்டி கிடைத்தது என்பதாகும். பார்முலா மாருதிப் பிரிவில் ஒருவர் வெளிநாட்டிலிருந்து எடை குறைந்த வண்டியைத் தருவித்து முந்த இயலாது. அனைவரும் ஒரே சட்டகத்தில், ஒரே பொறியுடன் ஓடினர். வெளிநாட்டுப் பந்தய வண்டி ஒன்றைப் பராமரிக்கும் செலவில் பல பார்முலா மாருதிகளை ஓட்டலாம் என்ற நிலை வந்தபோது, தொழிலதிபர் வீட்டுப் பிள்ளைகள் அல்லாத இளைஞர்களும் ஒற்றை இருக்கை வண்டியில் அமர முடிந்தது. இந்தியத் தானுந்துப் பந்தயத்துக்குக் கரிவரதன் செய்த பணிகளுள் இதுவே தலையாயது. அவர் பெற்ற வெற்றிகளைக் காட்டிலும் இது நீண்டகாலம் நிலைத்தது.

மின்கலமும் பிற சிறு எடைகளும்

ஒரு வண்டியின் மொத்த எடை குறையக் குறைய, அதிலுள்ள சிறு உறுப்புகளின் எடை பெரிதாகத் தெரியத் தொடங்கும். இதற்குத் தக்க எடுத்துக்காட்டு மின்கலம் (பேட்டரி) ஆகும். மாருதி 800 போன்ற சிறிய தானுந்தின் 12 வோல்ட்டு ஈய-அமில மின்கலம் சுமார் 10 கிலோகிராம் எடையுள்ளது. ஓட்டுநருடன் 1,170 கிலோகிராம் எடையுள்ள அம்பாசிடரில் அது நூற்றுக்கு ஒரு பங்குக்கும் குறைவு. அங்கே அதைப் பற்றி எவரும் கவலைப்படுவதில்லை. 470 கிலோகிராம் எடையுள்ள ஒற்றை இருக்கை வண்டியிலோ அது நூற்றுக்கு இரண்டு பங்குக்கு மேல். அங்கே 10 கிலோகிராம் மின்கலத்தை எடுத்துவிட்டு 4 கிலோகிராம் மின்கலத்தை வைத்தால், 39 குதிரைத்திறன் பொறிக்கு அரைக் குதிரைத்திறன் கூட்டியதற்கு ஒப்பான பலன் கிடைக்கும்.

சாலை வண்டியின் மின்கலம் ஏன் அவ்வளவு கனமாக உள்ளது என்பது கவனிக்கத்தக்கது. பொறியைத் தொடக்குவதற்குச் சில நொடிகளுக்கு மட்டும் மிகுதியான மின்னோட்டம் தேவை. இதற்கு எடுக்கும் மின்சாரத்தின் மொத்த அளவு மிகச் சிறியது. மின்கலத்தில் உள்ள எஞ்சிய கொள்ளளவு எல்லாம் முகப்பு விளக்குகள், ஒலிப்பான், துடைப்பான் ஆகியவற்றுக்காகவும், வண்டி பல நாள்கள் நின்றாலும் மீண்டும் கிளம்ப வேண்டும் என்பதற்காகவும் வைக்கப்படுவது. பகலில் ஓடும் பந்தய வண்டிக்கு இவற்றுள் எதுவும் தேவையில்லை. எனவே பந்தய வண்டிகளில் சிறிய மின்கலம் பயன்படுத்துவது வழக்கம். சில வகை வண்டிகளில் தொடக்குவதற்கான மின்சாரத்தை வெளியே வைக்கப்பட்ட மின்கலத்திலிருந்து கம்பி வழியாகக் கொடுத்துவிட்டு, தீப்பொறி அமைப்புக்குப் போதுமான சிறு மின்கலத்தை மட்டும் உள்ளே வைப்பர். மின்னாக்கியையும் கழற்றிவிட்டு, பந்தயம் முடியும் வரை மின்கலத்தின் இருப்பிலேயே ஓட்டுவதும் உண்டு. அவ்வாறு செய்வோர் கணக்கில் தவறினால் கடைசிச் சுற்றில் வண்டி நின்றுவிடும்.

ஈய-அமில மின்கலத்தின் எடையைக் குறைப்பதற்கு வேதியியல் தரும் வாய்ப்பு குறைவு. ஈயம் நீரைப் போலப் பதினொரு மடங்குக்கு மேல் அடர்த்தியுடையது. தகடுகளைக் குறைத்தால் கொள்ளளவும் குறையும். கரிவரதன் வாழ்ந்த காலத்தில் பந்தயக்காரர்களுக்கு வேறு தேர்வு இருக்கவில்லை. இலித்தியம் அயனி மின்கலம் 1991 இல் சோனி நிறுவனத்தால் வணிக நோக்கில் வெளியிடப்பட்டதாயினும், அது சிறு மின்னணுக் கருவிகளுக்கானது. பொறியைத் தொடக்கும் வேலைக்கு ஏற்றதான இலித்தியம் இரும்பு பாசுபேட்டு வகை, ஜான் குட்இனப் குழுவினரின் ஆய்வுகளால் அறிமுகமானது 1990களின் பிற்பகுதியில், அதாவது கரிவரதன் மறைந்த பின்னரே. அவ்வகையின் ஒரு கலம் சுமார் 3.2 வோல்ட்டு தருவதால் நான்கு கலங்களைத் தொடராக இணைத்தால் 12 வோல்ட்டு மின்கலத்துக்கு ஈடாகிவிடும். தொடக்கத் திறனில் ஒப்பான ஈய-அமில மின்கலத்தின் எடையில் மூன்றில் ஒரு பங்கு இருந்தாலே போதும். இன்று எடை குறைந்த விளையாட்டுத் தானுந்துகளிலும் பந்தய விசையுந்துகளிலும் இது பரவலாகப் பயன்படுகிறது. இதற்கு மின்னேற்ற அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணு அமைப்பு தேவை என்பதும், கடுங்குளிரில் இதன் தொடக்கத் திறன் குறையும் என்பதும் குறைகள். சோழவரத்து வெயிலில் இரண்டாவது குறை பொருட்டாகாது. ஆனால் பொறியின் வெப்பம் படாத இடத்தில் இதை வைக்க வேண்டும் என்பது அங்கே கூடுதலாகப் பொருந்தும்.

மின்கலத்தின் எடையைப் போலவே அது அமைந்துள்ள இடமும் முக்கியம். கனமான பொருளைத் தாழ்வாகவும் வண்டியின் நடுப்பகுதிக்கு அருகிலும் வைத்தால் வண்டி திருப்பத்தில் எளிதாகத் திரும்பும். முன்முனையிலோ பின்முனையிலோ வைத்தால் திரும்பத் தயங்கும், திரும்பிய பின் நிற்கத் தயங்கும். ஆகவே சாலை வண்டியை விளையாட்டு வண்டியாக மாற்றுவோர் மின்கலத்தைப் பொறியறையிலிருந்து இருக்கைக்குப் பின்னால் மாற்றுவதுண்டு. இவ்வாறு மாற்றும்போது அதைச் சட்டகத்தோடு உறுதியாகப் பிணைப்பதும், முனைகளை மூடுவதும், மின்சுற்றை முழுவதுமாகத் துண்டிக்கும் முதன்மை இணைப்பியை ஓட்டுநருக்கும் மீட்புப் பணியாளருக்கும் எட்டும் இடத்தில் வைப்பதும் பந்தய விதிகளின் கட்டாயம். மோதலில் கழன்று வரும் மின்கலத்தின் தீப்பொறி கசிந்த எரிபொருளோடு சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை விளக்கத் தேவையில்லை.

ஒரே வகை வண்டிகள் ஓடும் பிரிவுகளில் மின்கலத்தைக் குறைத்து முந்தும் வழியை விதிகள் அடைத்துவிடுகின்றன. குறைந்தபட்ச எடை இவ்வளவு என்று நிர்ணயித்து, அதற்குக் கீழுள்ள வண்டியில் நிரப்பு எடையை ஏற்றச் செய்வது உலகெங்கும் உள்ள வழக்கம். நரேன் கார்த்திகேயன் 2005 இல் ஓட்டிய பார்முலா 1 வண்டிக்கும் ஓட்டுநரையும் சேர்த்து 600 கிலோகிராம் என்ற கீழ் எல்லை இருந்தது. எல்லையே இல்லாவிட்டால் சட்டகத்தின் உறுதியைக் குறைத்து எடையைக் குறைக்கும் ஆசை தோன்றும். அதற்கான விலையை ஓட்டுநரே கொடுப்பார்.

இருங்காட்டுக்கோட்டையும் இளைய தலைமுறையும்

1990 ஆம் ஆண்டில் திருப்பெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம் தனக்கென ஒரு நிலையான தடத்தைத் திறந்தது. 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள அத்தடம் பந்தயத்துக்கென்றே அமைக்கப்பட்டது. சோழவரத்தின் பந்தயக் காலம் அத்துடன் முடிவுற்றது. நீண்ட ஓடுதளத்தில் பெரிய பொறிகளுக்குக் கிடைத்த அனுகூலம், வளைவுகள் மிகுந்த புதிய தடத்தில் குறைந்தது. சிறிய பொறியும் குறைந்த எடையும் கொண்ட பார்முலா மாருதிக்கு இத்தடம் பொருத்தமாக அமைந்தது.

கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் தம் பதினைந்தாம் வயதில் இங்கே பார்முலா மாருதியில் முதல் பந்தயத்தை ஓட்டினார். பின்னர் பிரான்சிலும் இங்கிலாந்திலும் பயிற்சி பெற்ற அவர், 2005 மார்ச்சில் ஆஸ்திரேலியாவில் ஜோர்டான் அணிக்காக ஓட்டிப் பார்முலா 1 போட்டியில் பங்கேற்ற முதல் இந்தியரானார். 2010 இல் பார்முலா 1 போட்டியில் ஓட்டிய இரண்டாவது இந்தியரான சென்னையின் கருண் சந்தோக்கும் பார்முலா மாருதியிலிருந்தே தொடங்கியவர். பார்முலா 1 போட்டியில் ஓட்டிய முதல் இரு இந்தியரும் 796 கன சென்டிமீட்டர் பொறியில் பழகியவர்கள் என்பது குறிப்பிடத்தக்கது. குறைந்த ஆற்றலுடைய வண்டியில், திருப்பத்தில் இழந்த வேகத்தைப் பொறியால் மீட்க முடியாது. வேகத்தை இழக்காமல் ஓட்டப் பழகுவதே ஒரே வழி. புதியவர்களுக்கு இதைவிடக் கண்டிப்பான ஆசிரியர் இல்லை.

மறைவு

கரிவரதன் 1995 ஆகஸ்டில் வானூர்தி விபத்தில் உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 41. நரேன் கார்த்திகேயன் ஐரோப்பாவில் தம் முதல் வெற்றிகளைப் பெறத் தொடங்கி ஓராண்டே ஆகியிருந்தது. பார்முலா 1 தடத்தில் ஓர் இந்தியர் ஓட்டியதைக் கரிவரதன் காணவில்லை.

அவருக்குப் பின் கோயம்புத்தூரில் பந்தயத் தானுந்து கட்டும் தொழில் நின்றுவிடவில்லை. எல்.ஜி.பி. நிறுவனத்தின் பி. விஜயகுமார் அதைத் தொடர்ந்து நடத்தினார். பார்முலா ரோலான், பார்முலா எல்.ஜி.பி. ஆகிய வகைகள் அதன் வழிவந்தவை. கோயம்புத்தூருக்குத் தெற்கே செட்டிபாளையத்தில் 2.1 கிலோமீட்டர் நீளமுள்ள பந்தயத் தடம் ஒன்றும் விஜயகுமாரின் முயற்சியால் அமைக்கப்பட்டு, 2003 முதல் அங்கே பந்தயங்கள் நடைபெற்று வருகின்றன. கரி மோட்டார் வேகத்தடம் என்பது அதன் பெயர்.